அமுக்காதே, இழு: பிளம்பிங் வேலைக்கு வாட்டர் பம்ப் பிளையர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மொட்டை மாடித் தொட்டிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, அரை அங்குல ஜி.ஐ. லைனில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒரு யூனியனை, அதாவது இரண்டு குழாய்களைச் சேர்க்கும் நட் வைத்த இணைப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்றிக்கொண்டிருந்தேன் என்பது என் நினைப்பு. பிளையர் நான்கு முறை வழுக்கியது. ஐந்தாவது முறை வழுக்கியதில் விரல் முட்டி தூணில் மோதித் தோல் உரிந்தது. அதைவிட, அமுக்கி அமுக்கி முழங்கை வரை ஏறியிருந்த கடுப்பு பெரிது. மேஸ்திரி பீடியைக் கீழே போட்டுவிட்டு வந்து பார்த்தார்.

"எதுக்குடா இந்த அமுக்கு அமுக்குற? திருப்பிப் போட்டு இழு."

பிளையரைப் புரட்டிப் போட்டேன். அதே நட், அதே கை. அமுக்கக்கூட இல்லை, இழுத்தேன். 'கிறீச்' என்று துரு உடையும் சத்தம் கேட்டது, யூனியன் அசைந்து கொடுத்தது.

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கும், வீட்டுக் குழாயை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தப் புரட்டலைத்தான். எதை வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எதைச் சொல்கிறேன்

வாயை அகலமாகவும் குறுகலாகவும் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள, நீளக் கைப்பிடிக் குறடு. நம் கடைகளில் 'வாட்டர் பம்ப் பிளையர்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மோட்டார் பம்புக்கு மட்டும் உண்டானது போலும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய கார்களில் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் பேக்கிங் நட்டை இறுக்கப் பயன்பட்டதால் வந்த பெயர் அது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மீட்வில் என்னும் ஊரில் சாம்பியன் டிஆர்மென்ட் என்ற கம்பெனி இருந்தது. அதன் பொறியாளர் ஹோவர்ட் மேனிங், ஒரு தாடையில் வரிசையாகப் பள்ளம் வெட்டி, மறு தாடையின் நாக்கு அதில் உட்காரும்படி 1933இல் ஓர் அமைப்பை உருவாக்கினார். அந்த அமைப்பு அவ்வளவு விற்றதால் 1963இல் கம்பெனியே தன் பெயரை 'சேனல்லாக்' என்று மாற்றிக்கொண்டது. அங்கெல்லாம் இந்த வகைப் பிளையர் எதுவானாலும் சேனல்லாக் என்றுதான் சொல்கிறார்கள், நாம் எந்த நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்பது போல.

முதலில், இதுதான் வேண்டுமா என்று பாருங்கள்

எல்லா நட்டுக்கும் பிளையரைத் தூக்குவது கெட்ட பழக்கம். ஆறு முக நட், சுற்றிலும் கை போக இடம் இருக்கிறது என்றால் ஸ்க்ரூ ஸ்பேனர்தான் சரி. நட்டின் முனைகள் மழுங்காது. துருப்பிடித்த ஜி.ஐ. பைப்பைச் சுற்ற வேண்டுமானால் பைப் ரிஞ்ச். பிளையரின் இடம் இவற்றுக்கு நடுவில் இருக்கிறது: உருண்டையான பிடி, பிளாஸ்டிக் நட், முனை மழுங்கிப்போன நட், வாஷ்பேசினுக்கு அடியில் ஸ்பேனர் நுழையாத மூலை. அதோடு, ஒன்றைத் திருகும்போது மற்றொன்று சுற்றாமல் பிடித்துக்கொள்வது. கடைசியாகச் சொன்ன வேலைக்குத்தான் நான் இதை அதிகம் எடுக்கிறேன். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அளவு

ஒன்றே ஒன்று வாங்குவதானால் 10 அங்குலம், அதாவது 250 மி.மீ. ஆங்கிள் காக், கனெக்ஷன் பைப், ஹெல்த் ஃபாசெட், பிப் காக் என்று வீட்டில் உள்ள குழாய்ச் சாமான்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் வாஷ்பேசின் ஓட்டையில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங்கில் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அது ஒன்றேகால் அங்குல மரை. பைப்பில் 'ஒன்றேகால்' என்றால் 32 மி.மீ. இருக்கும் என்று கணக்குப் போடுவோம். அந்த மரையின் வெளிவிட்டமோ ஏறத்தாழ 42 மி.மீ. அதன்மேல் ஏறும் நட் இன்னும் பெரிது. ஜெர்மனியின் நிபெக்ஸ் கம்பெனி செய்யும் 'கோப்ரா' 10 அங்குலப் பிளையரே 46 மி.மீ. நட் வரைதான் பிடிக்கும். ஆகவே கழிவுக் குழாய் வேலை அடிக்கடி வருமென்றால் 12 அங்குலமும் வேண்டும். சுவர் மூலைக்கு 7 அங்குலம் கையடக்கமாக இருக்கும், ஆனால் அவசரமில்லை.

இந்த அங்குலக் குழப்பத்தை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். 'அரை அங்குல' ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. 'அரை அங்குல' சி.பி.வி.சி. (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்புக்கு 15.9 மி.மீ. இரண்டுமே அளவு நாடாவில் அரை அங்குலம் வராது. பிளையர் பிடிப்பது வெளிவிட்டத்தை. எனவே பெயரை நம்பாமல் அளந்து பார்த்து வாங்குங்கள்.

என் யோசனை: பெரியது ஒன்று வாங்கும் காசில் 10 அங்குலமே இரண்டாக வாங்குங்கள். ஒற்றைப் பிளையரோடு பிளம்பிங் செய்வது ஒரு கையால் முறுக்குப் பிழிவது மாதிரி.

கடையில் கையில் எடுத்ததும்

மூன்று வகை கண்ணில் படும். நடுவில் ஓர் ஆணி, ஒரு நீள ஓட்டைக்குள் சறுக்கி நகரும் வகை விலை குறைவு. சில நிலைகள்தான் கிடைக்கும், பாரம் ஏறினால் தாவிவிடும் வாய்ப்பும் அதிகம். அடுத்தது பள்ளமும் நாக்கும் உள்ள வகை. அதிலேயே ஒரு கை மறு கையின் நடுவே நுழைந்து வெளியே வரும்படி செய்திருந்தால் 'பாக்ஸ் ஜாயின்ட்' என்பார்கள். இருபுறமும் அணைப்பு இருப்பதால் பக்கவாட்டில் கோணாது. தினசரி வேலைக்கு இந்த வகையை வாங்கினால் போதும். மூன்றாவது, பொத்தானை அமுக்கி நிலை மாற்றும் வகை. மேல் தாடையைப் பைப்பில் வைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கிக் கீழ்த் தாடையைத் தள்ளினால் சரியான அளவில் நின்றுகொள்ளும். கோப்ரா இந்த வகைதான், 10 அங்குலத்தில் 25 நிலைகள். இருட்டில், கழுத்தை வளைத்துப் படுத்திருக்கும்போது அதன் அருமை தெரியும். அது ஒன்றின் விலைக்கு டப்பாரியா போன்ற நாட்டுத் தயாரிப்பில் நாலைந்து வாங்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கற்றுக்கொள்ளும் காலத்தில் நாட்டுச் சரக்கே போதும். வழுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கைதான்.

சென்னையில் செம்புதாஸ் தெருப் பக்கம் போனாலும் சரி, உங்கள் ஊர் ஹார்டுவேர் கடையானாலும் சரி, அட்டையோடு வாங்கி வந்துவிடாதீர்கள். பிரித்துக் கொடுக்கச் சொல்லிக் கையில் வாங்கிச் சில காரியங்கள் செய்யுங்கள்.

தாடைகளை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஒரு பக்கம் ஒட்டி மறு பக்கம் விலகித் தெரிந்தால் வைத்துவிடலாம். கைப்பிடிகளைப் பக்கவாட்டில், மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் இருக்கும், லொடலொடவென்று சத்தம் வரக் கூடாது. ஒவ்வொரு பள்ளமாக மாற்றி, ஒவ்வொன்றிலும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். முதல் பள்ளத்தில் நன்றாக உட்கார்ந்து கடைசிப் பள்ளத்தில் தாவும் பிளையர்கள் உண்டு. நமக்குக் கடைசிப் பள்ளம்தான் பெரிய நட்டுக்கு வேண்டும். கடைக்காரரிடம் ஒரு துண்டு ஜி.ஐ. பைப் இருந்தால் வாங்கிப் பிடித்துப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பற்களை நகத்தால் தடவினால் முனை தெரிய வேண்டும். மேல்பூச்சு பல்லின் குழிகளை மொழுகியிருந்தால் நல்லதல்ல. உலோகத்தில் எங்காவது 'குரோம் வனேடியம்' என்று பொறித்திருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் எழுத்தைப் பொறிக்க எவராலும் முடியும், ஆட்டிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

பிடிக்கும் முறை

பிளையரைக் கையில் எடுங்கள். தலை நேராக இருக்காது, ஒரு பக்கமாக வளைந்திருக்கும். வாய் திறந்து எந்தப் பக்கம் பார்க்கிறதோ, கைப்பிடி அந்தப் பக்கம் நகரும்படி இழுக்க வேண்டும். அவ்வளவுதான் மேஸ்திரி சொன்னது. அப்படி இழுக்கும்போது மேல் தாடை கொக்கி மாதிரி பைப்பின்மேல் விழுகிறது. கீழ்த் தாடை அடியிலிருந்து முட்டுக் கொடுக்கிறது. இழுக்க இழுக்க வாய் தானாக இறுகும். பற்களைக்கூடச் சுழலும் திசைக்கு எதிராகச் சாய்த்து வெட்டியிருப்பது இதற்காகத்தான். மறு பக்கம் இழுத்தாலோ பைப் வாயைத் திறக்கப் பார்க்கும். திறக்காமல் இருக்க நாம் அமுக்குவோம், கை ஓய்ந்த நொடியில் வழுக்கும்.

இறுக்க ஒரு திசை, கழற்ற எதிர்த் திசை. அதற்குப் பிளையரைக் குப்புறப் புரட்டினால் வாய் எதிர்ப்பக்கம் பார்க்கும். நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு துண்டுப் பைப்பைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு, பிளையரை இரண்டு விரலால் மட்டும் பிடித்து இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் கவ்வும், மறு பக்கம் நழுவும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்தபின் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்தப் பள்ளத்தில் வைப்பது? நட்டைக் கவ்வியபின் இரண்டு கைப்பிடிகளும் ஒரு கைக்குள் வசதியாக அடங்க வேண்டும். விரல்கள் விரிந்து நின்றால் பலம் வராது. கைப்பிடிகள் ஒன்றையொன்று தொடுமளவு மூடியிருந்தால் உங்கள் பலமெல்லாம் கைப்பிடிக்குப் போகிறதே தவிர நட்டுக்குப் போகாது. வழுக்கினால் நடுவில் மாட்டுவது உள்ளங்கைச் சதை. வாயின் நுனியில் பிடிக்காமல் நடுப்பகுதியில் உட்காரவையுங்கள். முடிந்தவரை தள்ளாமல் உங்களை நோக்கி இழுங்கள். தள்ளும்போது வழுக்கினால் கை போய்ச் சுவரில் மோதும்.

வரவில்லையென்றால் கைப்பிடியில் பைப்பைச் சொருகி நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 25 செ.மீ. கைப்பிடியில் ஓர் அடி பைப்பைக் கூட்டினால் அதே கைக்கு இரண்டு மடங்குக்கு மேல் முறுக்கு கிடைக்கும் என்பது உண்மை. அந்த முறுக்கில் நட் வரும், இல்லாவிட்டால் பிளையரின் நாக்கு உடையும், அதுவும் இல்லாவிட்டால் சுவருக்குள் இருக்கும் ஃபிட்டிங் போகும். சுவருக்குள் போவதுதான் செலவு.

இரண்டாவது பிளையர் எதற்கு

சுவருக்குள் போவது என்றதும் ஒரு வீடு ஞாபகம் வருகிறது. மூன்றாவது மாடி. பழைய வால்வைக் கழற்றிப் புதிது போடும் வேலை. சுவரிலிருந்து சி.பி.வி.சி. பைப் ஒரு சாண் வெளியே வந்து, நுனியில் உள்மரை உள்ள எஃப்.டி.ஏ. என்னும் பித்தளை மரை வைத்த இணைப்பு, அதில் வால்வு. வால்வு மட்டும் கழன்றால் போதும் என்று ஒரே பிளையரால் இழுத்தேன். வால்வு கழன்று வந்தது. மரையில் டெஃப்லான் டேப் சுற்றிப் புது வால்வைப் போட்டு, மோட்டாரைப் போடச் சொல்லி, துடைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். இரண்டாம் நாள் போன்.

"தம்பி, கீழ் வீட்டுக்காரங்க சீலிங் ஊறுதுங்கிறாங்களே?"

வால்வோடு சேர்ந்து பைப்பும் ஒரு நூல் முறுகியிருக்கிறது. சுவருக்குள் இருந்த எல்போ விரிசல் விட்டிருக்கிறது. டைல்ஸை உடைத்துப் பார்த்தபோது முடி அளவு கோடு, அவ்வளவுதான். அந்த டைல்ஸின் ஜோடி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கூலியில் பாதியும் நல்ல பெயரில் மீதியும் போயிற்று.

சி.பி.வி.சி. லைனில் எதைத் திருகினாலும், ஒரு பிளையர் ஃபிட்டிங்கைப் பிடித்து நிறுத்தவேண்டும், இன்னொன்று திருகவேண்டும். இரண்டும் எதிரெதிராக இழுக்கும்போது சுவருக்குள் எந்த முறுக்கும் போகாது. பிடித்து நிற்கும் பிளையரின் வாய், நீங்கள் திருகும் திசைக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது நழுவிக்கொண்டிருக்கும், நாமோ நிறுத்தியதாக நினைத்துக்கொண்டிருப்போம்.

எவ்வளவு இறுக்குவது என்பதில் என் கணக்கு: பிளாஸ்டிக் மரையில் கையால் முடிந்தவரை சுற்றியபின் பிளையரால் ஒரு சுற்று, கேட்டால் ஒன்றரை. ரப்பர் வாஷர் உள்ள கனெக்ஷன் பைப்புக்குக் கையிறுக்கத்துக்கு மேல் கால் சுற்று. வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் பாட்டில் ட்ராப்பின் பிளாஸ்டிக் நட்டுக்குக் கையே போதும், சொட்டினால் மட்டும் பிளையர். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்ற ஆசையில் ரப்பர் நசுங்கி வெளியே பிதுங்கியபின் ஒழுகுவதை எந்த இறுக்கமும் நிறுத்தாது.

குரோம் பளபளப்பும் கரண்டும்

பல் வைத்த வாய் குரோம் பூச்சில் பட்டால் தழும்பு நிச்சயம். வீட்டுக்காரர் தினமும் பல் தேய்க்கும்போது அதைப் பார்ப்பார். பழைய சைக்கிள் ட்யூபில் இரண்டு விரல் அகலம் வெட்டிப் பையில் போட்டு வையுங்கள். நட்டைச் சுற்றி அதை வைத்துப் பிடித்தால் வழுக்காது, கீறாது. துணி அவசரத்துக்கு ஆகும், ஆனால் ஈரத் துணி நழுவும். பல்லில்லாத வழுவழுப்பான தாடை உள்ள பிளையர்களும் வருகின்றன. ஆறு முக நட்டுக்கு மட்டுமே அவை, உருண்டைக்கு உதவாது.

கைப்பிடியில் சிவப்போ நீலமோ பிளாஸ்டிக் உறை இருப்பதால் கரண்ட் தாக்காது என்று எண்ணிவிடாதீர்கள். அது கை வழுக்காமலிருக்கப் போட்ட உறை. 1000 வோல்ட் என்ற எண்ணும் இரட்டை முக்கோணக் குறியும் ஐ.இ.சி. 60900 என்ற தர எண்ணும் இருந்தால்தான் மின்சார வேலைக்கானது. கீசருக்கு அடியிலும் மோட்டார் பக்கத்திலும் கை வைக்குமுன் மெயினை அணைத்துவிடுங்கள்.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் துடைப்பது. இதைச் செய்பவருக்கு மற்றதில் பாதி தேவைப்படாது. போர் தண்ணீர் உப்பாக உள்ள ஊர்களில், ஈரத்தோடு பையில் போட்ட பிளையர் மறுநாளே மஞ்சள் பூத்திருக்கும்.

துடைத்தும் துருப்பிடித்த கதை ஒன்று எனக்கு உண்டு. ஒருமுறை டாய்லெட் கறை எடுக்கக் கொண்டுபோன ஆசிட் பாட்டிலை அதே பையில் போட்டு, மூடியை அரைகுறையாகத் திருகி வைத்துவிட்டேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. காலையில் திறந்தால் பிளையர், ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் காவி கட்டியிருந்தன. ஆவியே போதும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கருவிப் பையின் பக்கமே வரக் கூடாது. அவை இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது, விஷ வாயு வரும்.

மாதம் ஒருமுறை, பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துப் பல்லையும் பள்ளத்தையும் தேயுங்கள். கூர்ந்து பார்த்தால் பற்களின் அடியில் டெஃப்லான் நூலும் பசையும் சிமென்ட் தூளும் சேர்ந்து ஒரு வெள்ளைக் காரையாக இறுகியிருக்கும். குத்தூசியால் நெம்பினால் துண்டாகப் பெயரும். "பல் மழுங்கிப்போச்சு, அண்ணே" என்று என்னிடம் கொண்டுவரும் பிளையர்களில் பாதி இப்படி அடைத்துக்கொண்டவைதான். உண்மையாகவே மழுங்கியிருந்தால் அரம் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். நல்ல பிளையரில் அது நடக்காது. கோப்ராவின் பற்கள் ராக்வெல் சி என்னும் கடினத்தன்மை அளவில் ஏறத்தாழ 61 என்று சொல்கிறார்கள். அது அரத்தின் கடினத்தையே நெருங்குகிறது, அரம் வழுக்கிக்கொண்டு போகும். அரம் சுலபமாகத் தின்கிறது என்றால் அந்த இரும்பு மிருதுவானது, தீட்டினாலும் நிற்காது.

சுத்தமான பிறகு, இணைப்பில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கைப்பிடியைப் பத்து தரம் திறந்து மூடி, வழிவதைத் துடையுங்கள். பல்லில் எண்ணெய் தங்கக் கூடாது. சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துவைக்கும்.

துரு ஏறிவிட்டதா? இரும்புப் பகுதி மட்டும் முழுகுமளவு வினிகரில் ஓர் இரவு. காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து உடனே எண்ணெய் போடுங்கள். அலசாமல் விட்டால் முன்பைவிட வேகமாகத் துரு ஏறும். சீக்கிரம் ஆகட்டுமே என்று அடுப்பில் காட்டாதீர்கள். சூட்டில் இரும்பு பதம் இழந்துவிடும், அப்புறம் அது பிளையர் வடிவத்தில் ஓர் இரும்புத் துண்டு.

நாக்கு பள்ளத்திலிருந்து தாவத் தொடங்கினால், இரண்டு பள்ளத்துக்கு மேல் அப்படியானால், திருகும் வேலையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். ட்ராப் நட்டைப் பிடிப்பது போன்ற பாரமில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். தாடையில் விரிசல் கோடு தெரிந்தால் காயலான் கடைதான்.

கடைசியாக ஒன்று. புது பிளையரின் கைப்பிடி ஓரத்தில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பெயின்ட் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். என்னுடையது இளஞ்சிவப்பு. சைட்டில் பிளையர் தேய்ந்து போனதை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். காணாமல் போனதற்குக் கணக்கில்லை.